கோழிப்பண்ணையில் ஆள் நிலைக்க என்ன செய்யலாம்?

வேலந்தாவளம் பக்கம் புதிதாகக் கறிக்கோழி செட் போட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் ஆள் போய்விடுகிறார், பயிற்சி கொடுப்பதா சம்பளத்தைக் கூட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பண்ணை வைத்திருப்பவன்தான்.

கோழி பிடித்த பிறகு அடுத்த குஞ்சு இறங்கும்வரை செட் காலியாகக் கிடக்குமே, அந்த நாட்களுக்குச் சம்பளம் தருகிறீர்களா? எங்கள் பக்கம் பலரும் தருவதில்லை. ஆள் கைவிட்டுப் போவது அங்கேதான். பெண்டாட்டி பிள்ளைகளோடு செட்டோரத்து அறையில் இருப்பவர் அதுவரை எதைச் சாப்பிடுவார்? தென்னந்தோப்புக்கு வேலைக்குப் போனால் அப்படியே அங்கே நின்றுவிடுவார். இத்தனைக்கும் எரு அள்ளுவது, செட் கழுவுவது, சுண்ணாம்பு அடிப்பது என்று அப்போதும் வேலை கிடக்கிறது. மாதச் சம்பளமாக்கிவிடுங்கள். ஊருக்குப் போய்வர நாலு நாள் லீவையும் அப்போதே கொடுங்கள். கோழி உள்ளே இருக்கும்போது கொடுக்க முடியாது.

எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் ஆனது என்ற கணக்கைப் பார்த்து போனஸ் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம்மிடம் குஞ்சு விட்டு வளர்க்கச் சொல்லும் கம்பெனி நமக்கு வளர்ப்புக்கூலி போடுவது அப்படித்தான். ஆனால் குஞ்சும் தீவனமும் அவர்கள் அனுப்புவது. சோப்ளாங்கிக் குஞ்சு வந்து இறங்கினால் வேலையாள் என்ன செய்வார், பாவம்! தீவனம் சிந்தாமல் போடுவது, தரையில் பரப்பிய நார்த்தூள் ஈரமாகாமல் கிளறிவிடுவது, செத்த கோழியை அன்றன்றே எடுத்துக் கணக்கு எழுதுவது, இவைதான் அவர் கையில் இருப்பவை. அவற்றுக்குக் கொடுங்கள்.

பயிற்சியை வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டாம். குஞ்சு இறங்கும் ராத்திரி கூடவே நில்லுங்கள். முதல் வாரம் சுமார் 33 டிகிரி சூடு வேண்டும் என்பதெல்லாம் சரிதான், ஆனால் குஞ்சைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர்; சுற்றிலும் வைத்த தடுப்புத் தகட்டோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு; பரவலாக மேய்ந்தால் சரியான சூடு. ஒரு குஞ்சை எடுத்து அதன் காலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில்லென்றிருந்தால் தரை இன்னும் சூடாகவில்லை. இதை ஒரு தடவை செய்தவர் மறக்கமாட்டார்.

எருவிலிருந்து கிளம்பும் அமோனியா வாயு விஷயத்தில் ஆளை மட்டும் நம்பாதீர்கள். உள்ளேயே கிடப்பவருக்கு மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வரும் உங்களுக்குத்தான் கண் எரியும். எரிந்தால் உடனே செட்டின் பக்கப் படுதாவைத் திறந்து காற்று விடச் சொல்லுங்கள், எரு கிளற மாஸ்க் கொடுங்கள்.

அறை வாசலில் நாட்டுக்கோழி வளர்க்க ஆசைப்படுவார்கள். வெறுமனே கூடாது என்றால் கேட்கமாட்டார்கள். 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் பறவைக் காய்ச்சலுக்காக வாத்துகளையும் கோழிகளையும் கூட்டமாக அழித்ததைச் சொல்லி, வெளிக்கோழி மூலம் எப்படி நோய் உள்ளே வரும் என்று விளக்குங்கள். மாதம் ரெண்டு கோழி கறிக்குக் கொடுத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம், ஆள் வெளிமாநிலத்தவர் என்றால் கேரள அரசின் ஆவாஸ் காப்பீட்டில் பதிந்துவிடுங்கள். ஈரத் தரையில் மோட்டாரும் ஒயரும் புழங்கும் இடம், விபத்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது.