எல்லையோரப் பிள்ளைகளும் டாக்டர் படிப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேரளத்துப் பாலக்காடு, இடுக்கி, ஆந்திரத்துச் சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். எந்தப் புத்தகம், எந்தக் கோச்சிங் என்ற கேள்விகளை இந்த முறை எடுக்கவில்லை. அதற்கு வழி சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மார்க் இருந்தும் காகிதம் சரியில்லாமல் சீட்டைக் கோட்டைவிடும் பிள்ளைகளை நம் பக்கத்தில்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் அந்தக் கேள்விகளுக்கே முதலிடம்.

மகள் மூணாறில் தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கிறாள். ப்ளஸ் ஒன்னுக்குத் தேனியில் சேர்த்தால் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்கும் என்கிறார்கள். சேர்க்கலாமா? (ஒரு தாய், மூணாறு)

சீட்டை நினைத்துத்தான் என்றால் வேண்டாம் அம்மா.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்குப் பதினைந்து இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதற்கு எந்த மாநிலத்துப் பிள்ளையும் எங்கிருந்தும் போட்டியிடலாம். மீதி 85 இடம் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அங்கேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. இடையில் வந்து சேர்ந்தவர்கள் அந்தச் சான்றையும் பெற்றோரின் ஆவணங்களையும் காட்டியாக வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் ஆறாவதிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். ப்ளஸ் ஒன்னில் போய்ச் சேரும் உங்கள் மகளுக்கு அது கிடைக்காது. இரண்டு மாநிலத்திலும் சொந்த ஊர்க்காரர் என்று விண்ணப்பித்தால் தகுதியே பறிபோகும்.

அவள் கேரளத்தில் பிறந்தவள் என்றால் அவளுடைய பலம் கேரளத்தில்தான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் தெளிவாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். கேரளத்தில் நீட் எழுதினால் மட்டும் போதாது. மாநில நுழைவுத் தேர்வு ஆணையரகத்தின் 'கீம்' விண்ணப்பத்தையும் மருத்துவப் பிரிவுக்குப் போட வேண்டும். அதன் கடைசித் தேதி பெரும்பாலும் நீட் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். நீட் முடிவு வந்தபின் அந்த மதிப்பெண்ணை அதே இணையதளத்தில் சேர்க்கவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் கேரள ரேங்க் பட்டியலில் பெயர் வராது. நன்றாகப் படித்த பிள்ளைகள் இப்படி ஒரு வருஷத்தை இழப்பதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

நகரியில் இருக்கிறோம். பையன் எட்டாவது. ஒன்பதிலிருந்து வேலூரில் ஹாஸ்டலில் விடலாம் என்று யோசிக்கிறேன். (ஒரு தந்தை)

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. ஆந்திராவில் உள்ளூர் மாணவர் என்ற தகுதிக்கான கணக்கு வேறு. இன்டர்மீடியட் (அங்கத்து ப்ளஸ் டூ) தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகள், அதாவது ஒன்பது, பத்து, இன்டர் முதலாண்டு, இரண்டாமாண்டு, தொடர்ச்சியாக அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். சித்தூர் மாவட்டம் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதிக்குள் வருகிறது. நீங்கள் அனுப்ப நினைப்பது சரியாக அந்த நான்கு வருஷத்துக்குத்தான். அனுப்பினால் ஆந்திராவில் அந்தத் தகுதி போகும். தமிழ்நாட்டிலோ ஆறாவதிலிருந்து படித்த கணக்கு இருக்காது. ஆந்திராவில் வாங்கிய சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டில் செல்லாது. பையனை அங்கேயே படிக்க வையுங்கள். வேலூர் கோச்சிங்தான் வேண்டும் என்றால் விடுமுறையில் அனுப்புங்கள்.

கூடவே பெயரையும் சரிபாருங்கள். ஆந்திரப் பள்ளிப் பதிவில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். நம் வீடுகளில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான். ஆதாரில் ஒரு விதம், பத்தாவது சான்றிதழில் ஒரு விதம், சாதிச் சான்றிதழில் இன்னொரு விதம் என்று இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நின்று போகும். பத்தாவது பொதுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும்போதே திருத்திவிடுவது சுலபம்.

நாங்கள் பட்டியல் சாதி. தாத்தா காலத்தில் பீர்மேடு எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். சாதிச் சான்றிதழ் தரமாட்டேன் என்கிறார்கள். என் மெடிக்கல் கனவு அவ்வளவுதானா? (ப்ளஸ் டூ மாணவி, வண்டிப்பெரியார்)

இல்லை தங்கச்சி. ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஆந்திராவிலிருந்து மகாராஷ்டிரத்துக்குக் குடிபோன குடும்பத்து மாணவர் ஒருவர் மும்பை மருத்துவக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீடு கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணையின் தேதி 1950 ஆகஸ்ட் 10. அன்றைக்குப் பீர்மேடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. உன் முன்னோர் அந்தத் தேதிக்கு முன்பே அங்கே நிரந்தரமாகக் குடியிருந்ததைக் காட்ட முடிந்தால் கேரளச் சான்றிதழ் கேட்க உனக்கு வழி இருக்கிறது.

லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து லயத்திலேயே காலம் கழித்தவர்களிடம் பட்டா எங்கே இருக்கும்? வேறு காகிதங்களைத் தேடு. எஸ்டேட் அலுவலகத்தின் பழைய ஆள் பதிவேடு, தாத்தாவோ பாட்டியோ வேலைக்குச் சேர்ந்த தேதி, அவர்கள் பிள்ளைகளைச் சேர்த்த எஸ்டேட் பள்ளியின் சேர்க்கைப் பதிவு, பழைய ரேஷன் கார்டு. பள்ளிப் பதிவேட்டில் சாதி எழுதியிருக்கும் பக்கத்தின் நகலைத் தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு வாங்கு. எல்லாவற்றையும் சேர்த்து தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் கொடு. மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேள். மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

அது கைகூடவில்லை என்றாலும் ஒரு கதவு இருக்கிறது. குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, அப்பாவின் சொந்த மாநிலச் சான்றிதழை வைத்து ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். மத்திய ஒதுக்கீட்டுக்கு அது பயன்படும். அகில இந்திய இடங்களில் பட்டியல் சாதிக்கு 15 சதவீதம் உண்டு.

கொழிஞ்சாம்பாறையில் படிக்கிறேன். நீட் கேள்வித்தாளைத் தமிழில் வாங்க முடியுமா?

முடியும், ஆனால் பாலக்காட்டில் கிடைக்காது. வட்டார மொழித் தாள்கள் அந்தந்த மாநில மையங்களில்தான். தமிழ் என்று குறித்தால் கோயம்புத்தூர் மாதிரி தமிழ்நாட்டு மையம் ஒன்றைத் தேர்ந்தெடு. தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. 180 கேள்விகளில் 90 உயிரியல். மூன்று மணி நேரம்தான் என்பதால் இரண்டு மொழியையும் மாறி மாறிப் படிக்க நேரம் இருக்காது. மாதிரித் தேர்வுகளை எந்த மொழியில் எழுதிப் பழகினாயோ அதையே வைத்துக்கொள்.

எம்.பி.சி. (கணக்கு, இயற்பியல், வேதியியல்) எடுத்து இன்டர் முடித்துவிட்டேன். இப்போது மெடிக்கலுக்கு ஆசை வந்திருக்கிறது. (குப்பம்)

வழி உண்டு. பன்னிரண்டாவது முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களை 2023 முதல் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்கிறது. வயது உச்சவரம்பும் இல்லை.

பத்தாவது வரை தமிழில் படித்தவன். எம்.பி.பி.எஸ். முழுக்க ஆங்கிலமாமே, தாங்குவேனா? (சித்தூர்)

முதல் வருஷம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில் ஃபார்மலின் நெடி கண்ணில் நீர் வரவைக்கும். மேசையில் ஒரு கையின் தோலை விலக்கி நரம்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்கும் அந்த லத்தீன் பெயர்கள் அன்றைக்குத்தான் புதுசு. தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் முதல் சில மாதம் வாய்மொழித் தேர்வில் திணறுவார்கள். பதில் தெரிந்திருக்கும், வாக்கியம் வராது. தினமும் ஒரு பக்கத்தை நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மெதுவாகச் சரியாகிவிடும். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புதான் என்ற விதி இருப்பதால் ஆரம்பத்தில் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

அப்புறம் வார்டுக்குப் போகும்போது ஆங்கிலத்தால் பாதி வேலைதான் ஆகும். திருப்பதியில் தெலுங்கு பேசும் பாட்டியிடம் வலி எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம் பரவுகிறது, சாப்பிட்டால் கூடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். இரண்டு மொழி கேட்டு வளர்ந்த உங்களுக்கு அங்கே பெரிய பலம் இருக்கிறது. தெலுங்கை இப்போதே எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

இங்கே சீட் கிடைக்காவிட்டால் வெளிநாடு போகலாமா?

போகும் முன் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளைப் படியுங்கள். நீட்டில் தகுதி வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அங்கேயே 12 மாதம் பயிற்சி, திரும்பி வந்து இங்கே 12 மாதம் பயிற்சி, எல்லாம் பத்து ஆண்டுக்குள். அந்த நாட்டில் மருத்துவம் பார்க்க உரிமம் தரும் படிப்பாகவும் இருக்க வேண்டும். வந்தபின் தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுத்தாக வேண்டும். ஏஜென்ட் சொல்வதை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இத்தனையையும் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு யோசியுங்கள்.

சித்த மருத்துவத்துக்கும் நீட் வேண்டுமா?

வேண்டும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுக் கல்லூரி இருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் அருகே போத்தன்கோட்டில் ஒரு கல்லூரி உண்டு. கேரள இடங்களுக்கு அதே கீம் விண்ணப்பம்தான். அகில இந்திய இடங்களுக்கு ஆயுஷ் கவுன்சலிங்கில் தனியாகப் பதிய வேண்டும்; எம்.பி.பி.எஸ். கவுன்சலிங்கில் பதிந்தது இதற்குச் செல்லாது.