பைபிளில் பண்டிகைகள் எல்லாம் கட்டளையாக இருக்கின்றனவே, கட்டளையிட்டு மகிழ்ச்சி வருமா?

நியாயமான சந்தேகம். கூடாரப் பண்டிகையை எடுத்துக்கொள்வோம். யூதர்கள் இதை 'சுக்கோத்' என்கிறார்கள். யூத நாட்காட்டியின் ஏழாம் மாதம் 15-ஆம் தேதி தொடங்கி ஏழு நாள். அறுவடை வீடு வந்து, களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரம். அப்போது பார்த்து, நல்ல வீட்டை விட்டு இலைதழைக் கூரை போட்ட குடிசைக்குப் போ என்கிறது பைபிளின் லேவியராகமம் 23-ஆம் அதிகாரம். எகிப்திலிருந்து வந்த முன்னோர் கூடாரத்தில் இருந்ததை மறக்கக் கூடாதாம்.

கூரை வெயிலை மறைக்க வேண்டும். ஆனால் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரியும்படி வேய்வது வழக்கம். மழை வந்தால்? கிண்ணத்துக் கூழ் கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் வீட்டுக்குள் போகலாம் என்கிறது மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு. நனைந்துகொண்டே பக்தி காட்டச் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது!

பைபிளின் இன்னொரு நூலான உபாகமம், 16-ஆம் அதிகாரத்தில் 'சந்தோஷப்படு' என்று சொல்லும்போது யார் யார் கூட இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன் (ஆலயப் பணி செய்யும் குலத்தவன்), பரதேசி (வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கியவன்), திக்கற்ற பிள்ளை, விதவை. கட்டளையிட்டது உணர்ச்சியை அல்ல, பந்தியை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டால் சிரிப்பு தானாக வரும்.

கிறிஸ்தவர்கள் யோவான் 7-ஐயும் சேர்த்துப் படிக்கலாம். எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில், இந்தப் பண்டிகையில் அந்த ஊரின் சீலோவாம் குளத்துத் தண்ணீரைப் பொற்குடத்தில் மொண்டு வந்து ஆலயப் பலிபீடத்தில் ஊற்றுவார்கள். அதே பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு, தாகமாயிருப்பவன் என்னிடம் வரட்டும் என்று சத்தமிட்டார்.