கேள்வி – பதில்: மாடி டிவியில் மட்டும் ஏன் நெட் வரவில்லை?

கேள்வி: ஃபைபர் இணைப்பு உள்ள வீடு. கூடத்தில் ஒன்று, மாடியில் ஒன்று என இரண்டு ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸ். போக நாலைந்து செல்போன், ஒரு சிசிடிவி ரெக்கார்டர். கரண்ட் போய் வந்தால் மாடி பாக்ஸ் 'ஐபி முகவரி மோதல்' என்று காட்டி நின்றுவிடுகிறது. சாயங்காலத்தில் படமும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரவுட்டரை மாற்றிவிடலாமா? – வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டுக்கும் இருக்கிற ரவுட்டரே போதும்.

பாக்ஸை மாட்டியவர் அதற்குள் 192.168.1.5 போல ஓர் ஐபி முகவரியை (வீட்டு நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி எண்) கையால் போட்டிருப்பார். அது ரவுட்டருக்குத் தெரியாது. யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்ற பட்டியலைப் பல ரவுட்டர்கள் கரண்ட் போனதும் மறந்துவிடும். மறுபடி உயிர் வந்ததும் முதலில் வந்து கேட்கிற செல்போனுக்கு அதே எண்ணைக் கொடுத்துவிடும். மோதல் அங்கேதான்.

பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் 'ஸ்டாட்டிக்' (கையால் போட்ட எண்) இருந்தால் 'டிஹெச்சிபி' (ரவுட்டரே எண் கொடுக்கும் முறை) ஆக்குங்கள். பிறகு ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். டிஹெச்சிபி பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' இருக்கும். பாக்ஸின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) அங்கே பதிந்து, அதற்கென ஓர் எண்ணை ஒதுக்குங்கள். ரெக்கார்டருக்கும் அப்படியே. ஒரே பாக்ஸுக்கு வைஃபை மேக் வேறு, லேன் (கேபிள்) மேக் வேறு. வைஃபை மேக்கைப் பதிந்துவிட்டுக் கேபிளைச் செருகினால் ஒதுக்கீடு வேலை செய்யாது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். செல்போன்களை விட்டுவிடலாம். அவை தாமே மேக்கை மாற்றிக் காட்டக்கூடியவை. அந்த வசதியை அணைக்காமல் ஒதுக்கிப் பயனில்லை.

அடுத்து சாயங்காலச் சுற்றல். ஹெச்டி படத்துக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 25 மெகாபிட் வேகம் தாராளம். அதனால் பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவதற்கு முன், சாயங்கால நேரத்திலேயே பாக்ஸை ரவுட்டர் பக்கத்தில் வைத்து லேன் கேபிளில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் லைனில் குறையில்லை, வைஃபைதான் காரணம். தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் எல்லா ரவுட்டரும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கூடிவிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் அவ்வளவு நெரிசல் இல்லை, ஆனால் பழைய வீட்டுக் கனத்த சுவரை எளிதில் தாண்டாது.

இடம்விட்டு நகராத டிவிக்கு வைஃபையே தேவையில்லை என்பது எங்கள் கட்சி. மாடிக்குக் கேட்6 கேபிள் ஒன்றை இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவு, வளைத்தால் முறியும். கேபிளுக்கு வழியே இல்லையென்றால் ரவுட்டரின் வைஃபை அமைப்பில் 2.4க்கான சேனல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததை எடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள்.

கேள்வி: ஃபைபர்காரர் வைத்த பெட்டியோடு சொந்த ரவுட்டர் ஒன்றையும் சேர்த்தேன். நெட் அருமை, ஐபிடிவி பாக்ஸில் (ஃபைபர் வழியே டிவி சேனல் தருவது) மட்டும் சேனல் வரவில்லை. – வாசகி, கும்பகோணம்

பதில்: பல நிறுவனங்கள் டிவி சேனல்களை இணையத்தோடு கலக்காமல் தனி விலானில் (ஒரே வயருக்குள் பிரித்துவிட்ட தனித் தடம்) அனுப்புகின்றன. உங்கள் ரவுட்டர் அதை உள்ளே விடவில்லை. பாக்ஸை நேரே ஃபைபர் பெட்டியில் ஐபிடிவிக்கென்று உள்ள போர்ட்டில் செருகுங்கள். எந்த போர்ட் என்று மாட்டியவரிடம் கேட்டால் சொல்வார். ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் அதில் 'ஐபிடிவி' பக்கத்தைத் திறந்து, நிறுவனம் தரும் விலான் எண்ணைப் போட்டு, 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்'கை (சேனலைக் கேட்கும் கருவிக்கு மட்டும் அதை அனுப்பும் வசதி) இயக்குங்கள். அது அணைந்திருந்தால் சேனல் ஓடும்போதெல்லாம் அந்தச் சேனலின் தரவு வெள்ளம் வீட்டிலுள்ள எல்லாக் கருவிக்கும் போய் வைஃபை திணறும்.

டிஷ், கேபிள் டிவி பாக்ஸ்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சேனல் கோஆக்ஸ் வயரில் வருகிறது.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி கரண்ட் போகிறது. ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் போதுமா? – வாசகர், வேதாரண்யம்

பதில்: போதும். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் (பெரும்பாலும் 12) யூபிஎஸ் தரும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. செருகும் பின்னின் அளவையும் பிளஸ்-மைனஸ் துருவத்தையும் பார்த்து வாங்குங்கள். யூபிஎஸ் இருந்தும் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடாமல் புகார் கொடுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கோடு, வீட்டுக்கு வெளியே ஓடும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னலின் அதிர்ச்சி அந்தச் செம்புக் கம்பி வழியாகவும் ரவுட்டரைச் சுடும்.