கைடு டீன் ஆகிவிட்டால் ஆராய்ச்சி அவ்வளவுதானா?

கேள்வி கேட்டிருப்பவர் வேதியியலில் இரண்டாம் ஆண்டு பிஎச்.டி. மாணவர். அவருடைய கைடு டீன் ஆகப்போகிறாராம். "நிர்வாகத்துக்குப் போன பிறகும் உருப்படியாக ஆராய்ச்சி செய்தவர் யாராவது உண்டா, இல்லை நான் இப்போதே வேறு கைடு பார்த்துக்கொள்வது நல்லதா?" என்கிறார்.

உண்டு. எனக்கு முதலில் ஞாபகம் வருபவர் அமெரிக்க வேதியியலாளர் பால் அலிவிசாடோஸ். குவாண்டம் புள்ளிகளோடு (கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய குறைகடத்திப் படிகத் துகள்கள்) மல்லுக்கட்டிப் பட்டம் வாங்கியவன் நான். அந்தத் துறையில் அவர் பேப்பரைத் தொடாமல் யாரும் ஆய்வேடு எழுதிவிட முடியாது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக: 1959-ல் சிகாகோவில் பிறந்த கிரேக்க வம்சாவளிக்காரர். பத்து வயதில் ஏதென்ஸுக்குப் போய்விட்டு, கல்லூரிக்குச் சிகாகோ திரும்பினார். 1986-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி., பிறகு பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் லூயி புரூஸிடம் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்), 1988-ல் பெர்க்லியிலேயே ஆசிரியர் வேலை.

இந்தத் துறையில் என்ன விசேஷம் என்று வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காட்மியம் செலினைடு என்ற ஒரே பொருள்தான். துகள் 2 நானோமீட்டர் இருந்தால் நீலம் கலந்த பச்சையில் ஒளிரும், 6 நானோமீட்டர் இருந்தால் சிவப்பில் ஒளிரும். பொருள் மாறவில்லை, அளவுதான் மாறியது. லேபில் இதைச் செய்வது ஒரு தனி அனுபவம். மூன்று கழுத்துக் குடுவையில், ஆர்கான் வாயுச் சூழலில், காட்மியம் கரைசல் 300 டிகிரியில் கண்ணாடி மாதிரி தெளிவாக நிற்கும். செலினியம் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ள வேண்டும், தயங்கினால் துகள்கள் கோணல்மாணலாக வளரும். வெப்பநிலை சட்டென்று இறங்கும், கரைசல் வெளிர் மஞ்சளாகும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சு, பிறகு சிவப்பு. எந்த நிறம் வேண்டுமோ அங்கே ஹீட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். (செலினியத்தைக் கரைக்கும் பாஸ்பீனின் நாற்றம் சட்டையோடு வீட்டுக்கும் வரும் என்பதை எந்தப் பேப்பரிலும் எழுத மாட்டார்கள்.)

இந்தச் சூடான ஊசி முறையை 1993-ல் எம்.ஐ.டி.யில் கொண்டுவந்தவர் மௌங்கி பவெண்டி. அவரும் அதே புரூஸிடம் போஸ்ட்டாக் இருந்தவர்தான். அலிவிசாடோஸ் குழு அடுத்த கேள்விக்குப் போனது: உருண்டையாக மட்டும்தான் வளர வேண்டுமா? பாஸ்போனிக் அமிலம் சேர்த்தால் படிகத்தின் சில முகங்கள் மெதுவாகவும் சில வேகமாகவும் வளர்கின்றன, உருண்டைக்குப் பதில் கம்பி வடிவம் கிடைக்கிறது என்று 2000-ல் நேச்சர் இதழில் காட்டினார்கள். அந்தக் காலத்தில் கரைப்பான் மட்டமான தரத்தில் இருந்தால்தான் படிகம் நன்றாக வளரும், சுத்தமானதை வாங்கினால் சொதப்பும் என்று எல்லோரும் புலம்புவார்கள். அந்த அழுக்கில் பாஸ்போனிக் அமில வகைகள் கலந்திருந்ததுதான் காரணம். பலர் எரிச்சலோடு கடந்துபோன விஷயம் இப்படி ஒரு கருவியாகிவிட்டது.

அதற்கு முன்பே 1998-ல், ஷிமோன் வைஸோடு சேர்ந்து, பச்சை, சிவப்பு என்று இரண்டு அளவுத் துகள்களை எலி செல்லுக்குள் அனுப்பி, ஒரே ஒளியால் இரண்டையும் ஒளிரவைத்துக் காட்டியிருந்தார். சயன்ஸ் இதழின் அதே பதிப்பில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் வாரன் சான், ஷூமிங் நீ ஆகிய இருவரும் இதே யோசனையோடு வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதை வைத்து குவாண்டம் டாட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி பிறந்தது, 2005-ல் இன்விட்ரோஜன் என்ற பயோடெக் நிறுவனம் அதை வாங்கியது.

இனி நிர்வாகம். 2001-ல் அமெரிக்க வேதியியல் சங்கம் நானோ லெட்டர்ஸ் இதழைத் தொடங்கியபோது நிறுவன ஆசிரியர் இவர்தான். அதுவரை நானோ வேலை செய்தவர்கள் இயற்பியல் இதழுக்கு அனுப்பினால் "இது வேதியியல்" என்றும், வேதியியல் இதழுக்கு அனுப்பினால் "இது பொருளறிவியல்" என்றும் திரும்பி வரும். அதே காலத்தில், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மாலிக்யூலர் ஃபவுண்டரி என்ற மையத்தை உருவாக்கும் வேலையிலும் இருந்தார், அதன் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். 2006-ல் அது திறந்தது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். திட்டம் தேர்வாகி, முடிவுகளை வெளியிடச் சம்மதித்தால் கருவிகளுக்குக் கட்டணம் கிடையாது. கோடிக்கணக்கில் விலையுள்ள மைக்ராஸ்கோப்புக்கு வழியில்லாமல் கை கட்டி நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இதையெல்லாம் ஆராய்ச்சிக்கு வெளியே நடந்த வேலை என்று எனக்கு எண்ணத் தோன்றவில்லை. துறைக்கு என்ன குறை என்று லேபில் நின்று பார்த்தவர் செய்த வேலை.

2009-ல் ஸ்டீவன் சூ அமெரிக்க எரிசக்தித் துறை அமைச்சராகப் போனதும், அந்தத் தேசிய ஆய்வகத்தின் இயக்குநர் பொறுப்பு இவரிடம் வந்தது. 2016 வரை இருந்தார். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது. 2012-ல் இவர் குழுவும் அலெக்ஸ் செட்டில் குழுவும் சேர்ந்து இரண்டு கிராஃபீன் தாள்களுக்கு (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள்) நடுவே ஒரு துளித் திரவத்தை அடைத்து, அதற்குள் பிளாட்டினம் நானோ படிகம் வளர்வதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் படம்பிடித்தார்கள். குடுவைக்குள் நாங்கள் நிறத்தை வைத்து ஊகித்துக்கொண்டிருந்ததை அவர்கள் அணு அளவில் பார்த்தார்கள். பெரிய ஆய்வகத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டே செய்த வேலை இது. அதே ஆண்டு மூளையின் நரம்புச் செயல்பாட்டை வரைபடமாக்கலாம் என்று ரஃபேல் யூஸ்டே, ஜார்ஜ் சர்ச் முதலானோரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, 2013 ஏப்ரலில் ஒபாமா அறிவித்த மூளை ஆய்வுத் திட்டத்துக்கு வித்தாயிற்று. எல்லாமே பலித்தது என்றும் சொல்ல முடியாது. ரிச்மண்டில் இரண்டாவது வளாகம் என்று 2012-ல் இடம் தேர்வான திட்டம் கைகூடவில்லை.

அதன் பிறகு வந்த பதவிகள் வேறு ரகம். 2017-ல் பெர்க்லியின் புரவோஸ்ட் (பல்கலைக்கழகத்தின் தலைமைக் கல்வி நிர்வாகி), 2021 செப்டம்பரில், தான் படித்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர். அங்கே பட்ஜெட் பற்றாக்குறையும், 2024 மே மாதம் மாணவர்களின் போராட்டக் கூடாரங்களைப் போலீஸ் அகற்றியதும்தான் செய்தியாயின. அந்தக் கூடாரங்களை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு படிகம் வளர்த்த அனுபவம் எந்த வகையில் உதவும் என்று எனக்குப் புரியவில்லை. என் கணக்கில், தேசிய ஆய்வகம் வரை அவர் செய்தது ஒரே வேலை. புரவோஸ்ட் ஆனதும் வேலை மாறிவிட்டது.

குவாண்டம் புள்ளிகளுக்கான 2023 வேதியியல் நோபல் எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்குப் போனபோது, "பதவி பின்னால் போனதால் இவருக்குத் தவறிவிட்டது" என்று எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பரிசுக்குக் காரணமான வேலைகள் 1981, 1983, 1993 ஆண்டுகளைச் சேர்ந்தவை. இவர் இயக்குநரானது 2009-ல். மூன்று பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அலிவிசாடோஸுக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள போஸ்ட்டாக்குகள் பெரிய பட்டாளமாக இருந்தார்கள். நம்மூர் லேபில் பெரும்பாலும் ஒரு சீனியர்தான் இருப்பார், அவரும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பார். கைடிடம் நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் லேபுக்கு? அவர் இல்லாத நேரத்தில் ரசாயனம் வாங்கும் பில்லில் யார் கையெழுத்துப் போடுவார்? இணை கைடாக யாரைப் போட்டுத் தருவார்? மூன்றாவதற்கு ஒரு பெயர் வந்தால் அங்கேயே இருங்கள். "பார்க்கலாம்ப்பா" என்று வந்தால், இரண்டாம் ஆண்டுதானே, மாறுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.