பூட்டிய கதவுக்கு உள்ளே நான்கு கதைகள்: ‘அசைலம்’ கேள்வி பதில்

1972ஆம் ஆண்டு அமிக்கஸ் நிறுவனம் தயாரித்து ராய் வார்டு பேக்கர் இயக்கிய ‘அசைலம்’ என்ற ஆங்கிலத் திகில் படத்தைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். பாராதவர்களுக்காகத் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஒதுக்குப்புறமான ஒரு மனநல மருத்துவமனைக்கு மார்ட்டின் என்ற இளம் மருத்துவர் வேலை தேடி வருகிறார். முன்பு அங்கே தலைமை வகித்த ஸ்டார் என்ற மருத்துவர் மனம் கலங்கி, வேறு பெயரில் நோயாளியாக இருக்கிறார் என்றும், நான்கு பேரைச் சந்தித்து அவர்களுள் ஸ்டார் யார் என்று சரியாகச் சொன்னால் வேலையைப் பற்றி யோசிக்கலாம் என்றும் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் ரூதர்ஃபோர்டு என்ற மருத்துவர் சொல்கிறார். அந்த நால்வரும் சொல்லும் கதைகளே படம். ஒரு வேண்டுகோள்: முடிவைக் கேள்வியிலேயே எழுதிவிடாதீர்கள். இந்தப் படத்தை முதல் முறை பார்ப்பது ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்க்கும்.

கேள்வி (சேலம்): முதல் கதையில், வெட்டிப் பொதிந்த உடல் துண்டுகள் ஊர்ந்து வருவதைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இதையா பெரிய படம் என்கிறீர்கள்?

பதில்: சிரித்ததில் தவறில்லை. எங்கள் திரைப்படச் சங்கத்தில் திரையிட்டபோதும் அந்த இடத்தில் அரங்கு சிரித்தது. ஆனால் எந்த நொடியில் சிரிப்பு நின்றது என்பதை நான் கவனித்து வைத்திருக்கிறேன். கணவன் வால்டர் தன் மனைவியைக் கொன்று, துண்டாக்கி, ஒவ்வொன்றையும் பழுப்புத் தாளில் சுற்றிக் கயிறு கட்டி, நிலவறையில் உள்ள குளிர்பெட்டிக்குள் வைக்கிறான். மளிகைக் கடையிலிருந்து வரும் பொட்டலத்தைப் போல அது இருக்கிறது. பிறகு, தலையைச் சுற்றிய தாள் வாய் இருக்கும் இடத்தில் உள்ளே குழிந்து, வெளியே உப்பி, மீண்டும் குழிகிறது. மூச்சு! அந்த நொடியில்தான் அரங்கு அடங்கியது. இரத்தத்தை அள்ளி ஊற்றாமல், எல்லோர் வீட்டிலும் கிடக்கும் தாளையும் கயிற்றையும் வைத்தே அச்சத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். கை ஊர்வது பொம்மை வேலை என்று தெரியத்தான் செய்கிறது. தாள் மூச்சு விடுவது அப்படித் தெரிவதில்லை. கைபேசியின் சிறிய திரையில், பகல் வெளிச்சத்தில் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும்; அப்படிப் பார்க்காதீர்கள் என்று எப்போதும் சொல்லி வருகிறேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): தலைப்பைக் கண்டதும் வெளிநாட்டில் அசைலம் அடித்த நம்மவர் கதை என்று எண்ணிவிட்டேன். மருத்துவமனைக்கு ஏன் இந்தப் பெயர்?

பதில்: உங்கள் எண்ணம் சொல்லின் வேருக்கு நெருக்கமானது. அச்சொல்லின் முதற்பொருள் அடைக்கலம், தீண்டப்படாமல் இருக்கும் இடம் என்பதே. மனநோயாளிகளுக்கு அடைக்கலம் தரும் இல்லம் என்ற நல்ல நோக்கில் தொடங்கிய பெயர், பூட்டும் கம்பியும் நினைவுக்கு வரும் பெயராகத் தேய்ந்துபோனது. இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டமே அச்சொல்லை நீக்கி மனநல மருத்துவமனை என்று மாற்றிவிட்டது. எனவே படம் வெளிவந்தபோது அது சட்டத்திலிருந்து நீங்கி நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய அச்சத்தைக் கிளறவே அதைத் தேர்ந்தார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): லூசி வரும் மூன்றாம் கதை ‘சைக்கோ’வைப் பார்த்து எழுதியதுதானே?

பதில்: இல்லை. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. ராபர்ட் பிளாக் தம் சிறுகதைகளைத் தாமே இந்தப் படத்துக்குத் திரைக்கதையாக்கினார். லூசி கதை 1952இல் ‘வியர்டு டேல்ஸ்’ இதழில் வந்தது. ஹிட்ச்காக் பின்னர் படமாக்கிய ‘சைக்கோ’ நாவல் வெளியானது 1959இல். ஆகவே நாவலுக்கான விதை இங்கே இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேள்வி (மதுரை): பீட்டர் குஷிங் வரும் தையற்காரர் கதையைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

பதில்: மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். வாடகை கொடுக்க வழியற்ற தையற்காரர் புரூனோவிடம் ஸ்மித் என்பவர் ஒரு விந்தையான துணியைக் கொண்டுவந்து, நள்ளிரவுக்குப் பின் குறித்த நேரங்களில் மட்டும் தைத்து ஓர் உடுப்பு வேண்டும் என்கிறார். இறந்த மகனை உயிர்ப்பிப்பதற்கான உடுப்பு அது. உடுப்போடு வரும் புரூனோ, பணம் தருவதாகச் சொன்ன ஸ்மித்தும் தம்மைப் போலவே கையில் காசில்லாதவர் என்று அறிகிறார். மந்திரப் புத்தகத்தை வாங்குவதற்கே எல்லாவற்றையும் விற்றிருக்கிறார் அந்தத் தந்தை. இரண்டு ஏழைகள் ஒரு துணிக்காக மல்லுக்கட்டும் கதை இது. பேய் வருவது அதற்குப் பிறகுதான். ஸ்மித்தாக நடிக்கும் குஷிங் குரலை உயர்த்துவதே இல்லை. 1971 சனவரியில் தம் மனைவி ஹெலனை இழந்தவர் அவர் என்பதை அறிந்தவர்களுக்கு, இறந்தவரை மீட்க எதையும் கொடுக்கத் துணியும் இந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பது எளிதாக இருக்காது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அரைமணி நேரம் கூட ஓடாத கதைக்குள் இவ்வளவு துயரத்தை வைக்க முடிவது இந்த வடிவத்தின் பெருமை. சில நாள் படப்பிடிப்பே போதும் என்பதால்தான் குஷிங், ஹெர்பர்ட் லாம், சார்லட் ராம்ப்ளிங், ரிச்சர்ட் டாட் போன்றோரை ஒரே படத்தில் சேர்க்கவும் முடிந்தது.

கேள்வி (நாகர்கோவில்): ஸ்டார் யார்?

பதில்: படத்தைப் பாருங்கள். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன். அவருடைய பெயரின் முதலெழுத்து பி என்று மட்டுமே நமக்குச் சொல்லப்படுகிறது. ஆணா பெண்ணா என்பதும் மறைக்கப்படுகிறது. நோயாளிகள் பானி, புரூனோ, பார்பரா, பைரன். தமிழில் எழுதினாலும் நால்வரும் பகர வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கேள்வி (ஈரோடு): கிம் நோவாக் நடித்த கதை எத்தனையாவது?

பதில்: அது வேறு படம். 1973இல் ஃபிரெடி ஃபிரான்சிஸ் இயக்கிய ‘டேல்ஸ் தட் விட்னஸ் மேட்னஸ்’. அதுவும் மனநல மருத்துவமனையில் நடப்பதாலும், அதிலும் நான்கு கதைகள் இருப்பதாலும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதை அமிக்கஸ் எடுக்கவில்லை.

கேள்வி (திருச்சி): நான் மனநலப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரியும் செவிலியர். நீங்கள் தாளையும் துணியையும் வியக்கிறீர்கள். இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டுத்தான் வார்டு வாசலில் நின்று “உள்ளே போனால் கழுத்தை நெரிப்பார்களா?” என்று உறவினரே கேட்கிறார்கள். உங்களுக்கு இது உறுத்தவில்லையா?

பதில்: உறுத்துகிறது, அம்மா. உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்வது மரியாதையாகாது. இந்தப் படத்தில் உள்ளது எதுவும் மருத்துவம் அன்று; கடுமையான மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் துன்புறுத்தப்படுவதே மிகுதி. இதை ஒவ்வொரு திரையிடலுக்கு முன்பும் சொல்கிறேன். அமெரிக்காவில் இதே படத்தைப் ‘பைத்தியங்களின் வீடு’ என்று பொருள்படும் தலைப்பில் மறுவெளியீடு செய்தார்கள். அதை என்னால் ஏற்கவே முடியாது.

ஆனால் படத்தின் உள்ளே நடப்பதைப் பாருங்கள். (முடிவைத் தொட்டு எழுதுகிறேன், பாராதவர்கள் இந்த உரையாடலைத் தாண்டிச் செல்லவும்.) நான்கு நோயாளிகளும் தமக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் சொல்கிறார்கள். யாரும் நம்புவதில்லை. தான் செய்த சிறு பொம்மைக்குள் தன் மனத்தைச் செலுத்தி உயிரூட்ட முடியும் என்று பைரன் வெளிப்படையாகவே சொல்கிறார். அதற்கு ரூதர்ஃபோர்டு வைத்திருக்கும் விடை, அவருடைய மூளையில் கத்தி வைப்பது. பொம்மை நடந்து வந்து ரூதர்ஃபோர்டைக் கொன்ற பிறகு, மார்ட்டின் அதை நசுக்குகிறார். உள்ளே உண்மையான சதையும் குடலும் இருக்கின்றன. அந்த நொடியில் முந்தைய மூன்று கதைகளும் பொய்யில்லாமல் போகின்றன. கேட்கத் தெரியாத மருத்துவரைப் பற்றிய படம் என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): செவிலியர் அம்மையார் மிகைப்படுத்துகிறார். பேய்ப் படத்தைப் பேய்ப் படமாகப் பார்க்க வேண்டும். பொம்மை நிஜம் என்பதால் மற்ற மூன்றும் நிஜம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: முதற்பகுதியில் உங்களோடு நான் உடன்படவில்லை, வார்டு வாசலில் நிற்பவர் அவர்தாம், நாமில்லை. இரண்டாவது பகுதி நல்ல கேள்வி. முதல் கதையில் வால்டரின் காதலியான பானியின் முகத்துக் காயத்தை அவளே கோடரியால் ஏற்படுத்திக்கொண்டாள் என்று சொல்ல இடமுண்டு. புரூனோவுக்குச் சான்றே கிடையாது. மூன்றாம் கதையில், தோழி என்று சொல்லப்படும் லூசியைக் கண்ணாடியில் பார்ப்பவள் பார்பரா மட்டுமே. ஆக, மூன்றையும் நோயாகவும் படிக்கலாம், உண்மையாகவும் படிக்கலாம் என்று பிளாக் திறந்து வைத்திருக்கிறார். நான்காவதில் மட்டும் மார்ட்டினின் கண்ணெதிரே கதவை அடைத்துவிடுகிறார். “போகின்றன” என்று உறுதியாக எழுதியது என் அவசரம்; நம்ப மறுத்ததற்காக நாம் வெட்கப்படும்படி ஆகின்றன என்று திருத்திக்கொள்கிறேன்.

கேள்வி (திருச்சி, மீண்டும்): கேட்கத் தெரியாத மருத்துவர் என்கிறீர்கள். ஆனால் கடைசியில் பணியாளர் வேடத்தில் நிற்பவரும் மனம் கலங்கிய ஸ்டார்தானே? மருத்துவரின் கழுத்தை நெரிப்பதும் அதே “பைத்தியம்”தானே? நீங்கள் படத்துக்குச் சார்பாக வாதாடுகிறீர்கள்.

பதில்: நீங்கள் சொல்வது சரி. பல நாள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியும், இந்த இடத்தை நான் எளிதாகக் கடந்து வந்திருக்கிறேன். சாவியை வைத்திருப்பவரை நாம் சந்தேகிப்பதே இல்லை என்பது அந்த முடிவின் கூர்மை. வெள்ளுடையைப் பார்த்தவுடன் மார்ட்டினும் நம்பிவிட்டார், நாமும் நம்பிவிட்டோம். ஆயினும் அந்தக் கூர்மையைத் தீட்டியது, மனநோயாளி என்றால் கொலைகாரர் என்ற அதே பழைய கல்லில்தான். உண்மையான பணியாளர் ஒருவரே அந்தக் கொலையைச் செய்திருந்தால் என் வாதம் நின்றிருக்கும். படம் அவ்வளவு தூரம் போகத் துணியவில்லை. இனித் திரையிடும்போது, முன்னுரையில் சொல்வதோடு நிற்காமல், படம் முடிந்த பிறகும் இதைப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

கேள்வி (விழுப்புரம்): மூன்றாம் கதையில் பார்பரா, லூசி என்று ஒருவரே இருவராக வருவதுதானே மனச்சிதைவு நோய்? என் தம்பிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அவனும் வேறு ஆளாக மாறுவானா?

பதில்: மாற மாட்டார். மனச்சிதைவு என்ற பெயரில் உள்ள “சிதைவு” பலரை இப்படி அஞ்ச வைக்கிறது. ஒருவர் இருவராகப் பிளப்பதற்கும் அந்த நோய்க்கும் தொடர்பில்லை. படம் காட்டுவது கதைக்காகக் கட்டிய வேறொன்று. அதற்கு மேல் சொல்ல நான் மருத்துவன் அல்லன். தம்பியைப் பார்க்கும் மனநல மருத்துவரிடமே கேளுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இலும் பேசலாம். திகில் படம் எதையும் அவருடைய நோய்க்கு உரையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (தூத்துக்குடி): தொடக்க இசை யாருடையது?

பதில்: முசோர்க்ஸ்கியின் ‘நைட் ஆன் பால்ட் மவுண்டன்’. படத்தின் மற்ற இசை டக்ளஸ் கேம்லி.

கேள்வி (கடலூர்): முடிவு புரியவில்லை. ஸ்டார் யார் என்று நேராகச் சொல்லுங்கள்.

பதில்: மேலே திருச்சி அம்மையாரின் இரண்டாம் கேள்வியிலேயே விடை இருக்கிறது. இதே கேள்வி இன்னும் ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவற்றைத் தனித்தனியே வெளியிடவில்லை.

கேள்வி (காரைக்குடி): பதினான்கு வயது மகளோடு பார்க்கலாமா?

பதில்: முழுப் படமும் வேண்டாம். தையற்காரர் கதையை மட்டும் இரவில், விளக்கை அணைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்தத் தந்தை எதற்காக எல்லாவற்றையும் விற்றார் என்று அவள் கேட்டால், படத்தை நிறுத்திவிட்டு விடை சொல்லுங்கள்.