ஏஐ கோடு எழுதுகிற காலத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா? சேலம் செவ்வாய்ப்பேட்டை அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் ஐயா. பாப்பாவின் கட்ஆஃப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. சீட்டைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை. "ஏஐயே கோடு எழுதிடுதாமே, நாலு வருஷம் கழிச்சு இவளுக்கு என்னங்க வேலை இருக்கும்?" என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி. ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் பல வருடம் கோடு எழுதிச் சம்பாதித்தவன் என்பதால் அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

நாங்கள் படித்தது டர்போ சி என்ற பழைய புரோகிராமிங் மென்பொருளின் நீலத் திரையில். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் தப்பே இல்லாத அடுத்த வரிகளுக்கும் சேர்த்து எரர் கொட்டும். லேபில் கம்ப்யூட்டர் கிடைக்கிற நேரம் குறைவு. அதனால் நோட்டிலேயே புரோகிராம் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எந்த எண் எப்படி மாறுகிறது என்று பென்சிலால் 'ட்ரை ரன்' போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம். 2008-ல் புரோகிராமர்கள் சந்தேகம் கேட்டுப் பதில் வாங்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இணையதளம் வந்தது. மாட்டிக்கொண்ட இடத்தில் எல்லாம் அங்கிருந்து எடுத்து ஒட்டினோம். (ஒட்டவே இல்லை என்று சொல்லும் புரோகிராமரை நான் பார்த்ததில்லை.) 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், கேட்டாலே எழுதித் தந்துவிடுகிறது. அரைப்புள்ளி தேடும் காலம் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பென்சில் வேலை இன்னும் போகவில்லை. உங்கள் வெள்ளிப் பட்டறைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

கொலுசு செய்ய ஆளுக்கு 0.3 கிலோ வெள்ளி கொடுக்கிறீர்கள். திரும்பி வந்தது கொலுசாக 0.1, மீதி வெள்ளி 0.2. சேதாரத்தை இப்போதைக்கு விடுங்கள். கணக்கு நேர். இந்த 0.1-ஐயும் 0.2-ஐயும் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் கூட்டச் சொன்னால் விடை 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டரின் இரும எண்ணில் முழுசாக எழுத முடியாது என்பதே காரணம். 'கொடுத்ததும் வந்ததும் சமமா?' என்று ஒரு வரி இருந்தால், 'இல்லை' என்று சொல்லிவிடும். எடையில் ஒரு பொட்டு வித்தியாசம் வந்தாலே பட்டறையில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடையை மில்லிகிராமில் முழு எண்ணாக வைத்தால் தீர்ந்தது. ஏஐயிடம் கேட்டால் இந்தத் தீர்வையும் அதுவே சொல்லும். ஆனால் விடையைப் பார்த்ததும் 'எங்கேயோ இடிக்குதே' என்று தோன்றிக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். சம்பளம் இனி அந்த ஆளுக்குத்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லூரி முடித்த கையோடு ஆட்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போன காலத்தை நம்பி இறங்காதீர்கள். புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுத்த சின்னச் சின்ன வேலைகளைத்தான் ஏஐ முதலில் தொடுகிறது. பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றால் சிரமம்.

அதனால் இந்தப் படிப்புக்காக மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம். கவுன்சலிங்கில் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியை மேலே போடுங்கள். 1966-லிருந்து நடக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் எலெக்ட்ரிகலோ உலோகவியலோ கிடைத்தாலும் நான் தயங்க மாட்டேன். கோடிங்கைப் பக்கத்திலேயே படித்துக்கொள்ளலாம். என்பிடெல் என்ற ஆன்லைன் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். எந்தப் பிரிவானாலும் கணக்குப் பாடத்தில் அரியர் வைக்கக் கூடாது, அதில் மட்டும் கறாராக இருங்கள்.

சொந்தக்காரர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்கும் முன், இந்த விடுமுறையில் பாப்பாவிடம் பட்டறையின் ஒரு வாரக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பிளஸ் டூவில் படித்த பைத்தானை வைத்து அதற்கு ஒரு புரோகிராம் எழுதட்டும். ஏஐயின் உதவியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். எழுதியபின் நீங்கள் உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் அவள் எரிச்சலில் மூடி வைக்கிறாளா, ஏன் என்று தோண்டுகிறாளா என்று கவனியுங்கள். தோண்டினால் தைரியமாகச் சேருங்கள். மூடிவைத்தால் என்னிடம் கூட்டிவாருங்கள், வேறு பிரிவுகளைப் பற்றி அவளிடமே பேசலாம்.