இணைசேர்த்த பின் பெண் குதிரையின் கருப்பையில் நீர் தேங்குவது ஏன்?

மறுநாள் ஸ்கேனில் நீர் தெரிந்தால் ஆண்டிபயாடிக் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பெரும்பாலும் கோளாறு அந்த நீரை வெளியேற்றுவதில்தான்.

குதிரையில் விந்து நேராகக் கருப்பைக்குள் சேர்கிறது. விந்தணுவே அங்கே அழற்சியைத் தூண்டும். அரை மணி நேரத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் வரத் தொடங்கும். இது நோயல்ல, இயல்பான சுத்திகரிப்பு. ஆனால் அதில் சேரும் நீரையும் கழிவையும் கருப்பைத் தசை சுருங்கி வெளியே தள்ளினால்தான் வேலை முடியும். நல்ல குதிரையில் 24 முதல் 48 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பலமுறை ஈன்ற குதிரையில் கருப்பை கீழே தொங்கி, சுருக்கமும் தளரும். வயதாகியும் ஈனாத குதிரையில் கருப்பைக் கழுத்து சரியாகத் திறக்காது. சுமார் 6ஆம் நாள் கரு கருப்பைக்குள் இறங்கும்போதும் அழற்சி இருந்தால் அது பிழைப்பது கடினம்.

தேவையான விந்தணுக்கள் 4 மணி நேரத்தில் கருக்குழாயை அடைந்துவிடும். அதற்கு முன் கருப்பையைக் கழுவாதீர்கள். பிறகு கால்நடை மருத்துவர் உடல்சூட்டிலுள்ள ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஒவ்வொரு லிட்டராக விட்டு, தெளிவாக வரும்வரை கழுவி, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனை 10 முதல் 20 யூனிட் போடுவார்.

யோனி வாயையும் பாருங்கள்: சாய்ந்திருந்தால் காற்றும் சாணமும் உள்ளே போகும். மேல்பகுதியைத் தைக்க வேண்டும். ஈனுமுன் தையலைத் திறக்காவிட்டால் கிழிந்துவிடும்.